நீலப் பாதையில் இரண்டு பேர்

"ரெண்டு பேரா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா."

"ரெண்டு பேர்தான் சார். நீலப் பாதை, காலை ஏழரை மணி. நோட்டுல எழுதியிருக்கே."

பூட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. அது இரண்டு நாளாகவே எரிந்துகொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமை மனைவியின் துணிப்பையில் குடை தேடப் போனவருக்கு, நீலப் பாதை என்கிற கழிமுகத்து நடைபாதையின் அனுமதிச் சீட்டுகள் கத்தையாகக் கிடைத்தன. எல்லாம் புதன்கிழமைச் சீட்டுகள். எல்லாவற்றிலும் 'நபர்கள்: இரண்டு' என்றிருந்தது.

புதன்கிழமை அவள் வேலை பார்க்கிற கண் மருத்துவமனையில் விடுமுறை. ஆறு கடலில் சேருகிற இடத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன் என்று விடிந்ததும் கிளம்பிவிடுவாள். தனியாகத்தான் போகிறாள் என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன். ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டிக் கொடுக்கிறவர் சொந்த வீட்டில் ஏமாந்து நின்றால் வெளியே சொல்ல முடியுமா?

அதனால்தான் இன்று கடையைத் திறக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு, பழைய கோட்டைச் சுவர் முடிந்து சேற்று நிலம் தொடங்குகிற இடத்திலிருந்த காவல் அறைக்கு வந்துவிட்டார். ஃபைலைப் பார்த்ததுமே காவல்காரம்மா எழுந்து நின்றாள். இன்னும் உட்காரவில்லை.

"இப்ப உள்ளதான் இருக்காங்களா?"

"ஆமா சார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும்."

வரட்டும். இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடித்து இன்றோடு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும். 'ஆமாம், அவர்கூடத்தான் போகப் போறேன்' என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

"அந்த ஆளு எப்படி?"

"எந்த ஆளு சார்?"

"கூடப் போறானே, அவன்தான்."

காவல்காரம்மா அவசரமாக நோட்டை மூடினாள். "மரியாதையான மனுஷர் சார். ஜோடியாத்தான் போவாங்க, ஜோடியாத்தான் வருவாங்க. நான் வேற மாதிரி விட்டதே இல்ல."

ஜோடியாம்.

"உள்ள போய் என்ன பண்ணுவாங்க?"

"என்ன சார் பண்ணுவாங்க, நடப்பாங்க. வழுக்குற இடத்துல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாராம். கொக்கு, நாரைன்னு ஒவ்வொண்ணா காட்டுவாராம். பேரைத் தப்பா சொல்லிட்டு ரெண்டு பேரும் சிரிச்சுக்குவாங்களாம். மணல் திட்டுல உட்கார்ந்து ஆரஞ்சு உரிச்சுக் கொடுப்பாராம். அந்தம்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாங்க."

ஆரஞ்சு உரித்துக் கொடுப்பானாமே. பதினாறு வருஷத்தில் தான் ஒரு வாழைப்பழத்தைக்கூட அவளுக்கு உரித்துக் கொடுத்ததில்லை என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகத்துக்கு வர வேண்டும்? இங்கே என்னடாவென்றால் இவள் சிரித்துக்கொண்டு திரிகிறாள். வீட்டில் வாயைத் திறந்தால் மட்டும் முத்து உதிர்ந்துவிடும்.

"ஆளு என்னைவிட உசரமா?" என்று கேட்டவர், தன்னையறியாமல் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"உங்க உசரம்தான் இருக்கும் சார்," என்று குத்துமதிப்பாகச் சொன்னாள்.

"புதன்கிழமை காலையில சுத்துறானே, வேலைவெட்டி கிடையாதா?"

"கடை வச்சிருக்காராம் சார். மூச்சுவிட நேரம் இல்லாத கடையாம். அப்படியும் பொண்டாட்டி கூப்பிட்டான்னு வர்றாரே, எத்தனை பேர் வருவாங்க?"

"யாரு கூப்பிட்டான்னு?"

"பொண்டாட்டி சார். அவரு அந்தம்மாவோட வீட்டுக்காரர்தானே."

பூட்டுக்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. இவ்வளவு தூரம் போயாயிற்றா? எவனையோ வீட்டுக்காரன் என்றே சொல்லி வைத்திருக்கிறாளா? ஃபைலை மேஜைமேல் அடித்ததில் சீட்டுகள் அறை முழுக்கச் சிதறின.

"அவ வீட்டுக்காரன் நான்தாம்மா. பதினாறு வருஷமா நான்தான்."

காவல்காரம்மா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்திலிருந்த பயம் போய்க் கோபம் வந்தது.

"நல்ல ஆளுங்க நீங்க. ஆபீஸ்லேர்ந்து செக்கிங் வந்திருக்கீங்கன்னு பயந்துல்ல, வாய்க்கு வந்ததை அளந்துட்டேன்."

"எதை அளந்தீங்க?"

"ஜோடியா வர்றாங்கன்னு சொன்னதைத்தான். சேத்துல கால் மாட்டினா இழுத்து விட ஆள் வேணும், தனியா வர்ற யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு இங்க சட்டம். முதல் நாள் அந்தம்மாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். 'எங்க வீட்டுக்காரர் கடையில ஒரு வேலையை முடிச்சுட்டுப் பின்னாடியே வந்துடுவாரு, ரெண்டு பேருன்னே எழுதுங்க'ன்னாங்க. அரை மணி நேரம் அந்த பெஞ்சுல உட்கார்ந்து வழியையே பார்த்துட்டு, அப்புறம் எழுந்து போனாங்க. அன்னியிலேர்ந்து வாரா வாரம் இதே கதைதான். பாவமா இருக்கும், நானும் விட்டுடுவேன். திரும்பி வந்து, அவரு கையைப் பிடிச்சாரு, ஆரஞ்சு உரிச்சாருன்னு சொல்லுவாங்க. நானும் கேட்டுக்குவேன்."

பூட்டுக்காரர் குனிந்து, சிதறிய சீட்டு ஒன்றை எடுத்தார். "அப்ப... அந்த ஆளு?"

"எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் சார் அவரை முதல் தடவையா பார்க்கிறேன்."