பெரியப்பாவின் வாழ்த்துரை

‘கீ…ச்!’ என்று ஒலிபெருக்கி அலறியது. வரவேற்புக்கு வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

கத்தைத் தாள்களோடு மைக் பிடித்திருந்த மணமகளின் பெரியப்பா, டிஜேயிடம் பாய்ந்தார். “நான் வாயைத் திறந்தா மட்டும் எப்படிய்யா கத்துது?”

“மன்னிச்சுக்குங்க சார். பழைய மைக்கு…”

“பாட்டுக்கு மட்டும் நல்லா இருக்கே! எங்க குடும்பத்துல இன்னொரு கல்யாணத்துக்கு நீ வந்துடுவியா, பார்க்கறேன்!”

தாள்களைச் சுருட்டிக்கொண்டு அவர் சாப்பிடப் போனார். அவர் மனைவி மெல்ல டிஜேயிடம் வந்தார்.

“போதுமாம்மா?” என்றான் டிஜே.

“பிரமாதம் தம்பி! அடுத்த மாசம் எங்க பொண்ணு கல்யாணம். அங்கேயும் அவர் பேச வந்தா இதே மாதிரி அலற விட்டுடு. அடையாளம் தெரியாம இருக்க, மீசையை மட்டும் மழிச்சுட்டு வந்துடு!”