காங்கேசன்துறை மாடிக்கடை

"ஹீட்டர் போட்டிருக்கு. கோட்டைக் கழட்டித் தாங்கோ, கொழுவி விடுறன்" என்றாள் தவநாயகி.

"பரவாயில்லை அக்கா, இருக்கட்டும்" என்றார் இராஜேந்திரன். அந்த வால்தம்ஸ்டோ வீட்டின் சின்ன முன்னறையில், சோபாவின் நுனியில், முழங்கால்களில் கைகளை வைத்தபடி இருந்தார்.

எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஞானரட்ணத்துக்கு அந்த ஒடுக்கம் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் என்ற மிதப்பு மனிதரிடம் துளியும் இல்லை.

மகள் வசந்தமலருக்கு முப்பத்துநாலு வயது. வந்த சம்பந்தங்களையெல்லாம் ஊர் என்ன, தெரு என்ன, கோயில் என்ன என்று விசாரித்து விசாரித்தே அவர் தட்டிக்கழித்திருந்தார். இராஜேந்திரனின் மகன் கணக்காளர். அவளோடு பேசிப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொன்னவன்.

அன்று காலை அவள் தகப்பனிடம் ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, இந்த முறை மட்டும் கேள்வி கேக்காதேங்கோ. இதுவும் போனா எனக்கு இனி ஒண்டும் வராது."

அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கேள்வி கேட்க மாட்டார். கதை சொல்வதில் பிழையில்லையே.

"நீங்களும் காங்கேசன்துறைப் பக்கம் எண்டு மகள் சொன்னவ. அப்ப எங்கட மாடிக்கடையைத் தெரிஞ்சிருக்கும்."

"அதைத் தெரியாத ஆக்கள் இருக்கினமோ? சொல்லுங்கோ ஐயா, கேப்பம்."

ஞானரட்ணம் சொன்னார். சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டத் தொடங்கிய காலத்தில், குவாரிக்குப் போகும் தெருமுகப்பில் அவருடைய தகப்பனார் எழுப்பிய கட்டடம். கீழே தேத்தண்ணிக்கடை, பக்கத்தில் பலசரக்கு, மேலே எஞ்சினியர்மாருக்கு வாடகை அறைகள். குவாரியில் வெடி வைத்தால் கண்ணாடி அலுமாரிக்குள் வடைத்தட்டு துள்ளும்.

"தொண்ணூறிலை சண்டைக்குச் சனம் எழும்பி ஓடினதோடை ஊர் செத்துப்போச்சு. மூண்டு வருசமா அங்கை ஒரு குஞ்சுகுருமான் இல்லை. குவாரிக் கிடங்கிலை தண்ணி நிக்குதாம். எங்கட கட்டடத்திலை கூரை போய், சுவர் மட்டும் மிச்சமாம்." அவர் தொண்டையைச் செருமினார். "ஆனா அந்தச் சுவருக்கு ஒரு மரியாதை இருந்தது."

"வியாபாரம் நல்லா நடந்திருக்கும்."

"நாலு ஊர்ச் சனமும் எங்களிட்டைத்தான்."

"எல்லாச் சனமுமோ ஐயா?"

ஞானரட்ணம் காத்திருந்த இடம் இதுதான். வந்தவரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தபடியே சொன்னார்.

"வாறதுக்கு ஆரும் வரலாம். ஆனா ஒரு ஒழுங்கு இருந்தது. முன்னுக்கு மேசை, கதிரை, கிளாஸ். கல்லுடைக்கிற ஆக்களுக்குப் பின்வளவிலை தகரப்பேணி. குடிச்சிட்டு அவையே கழுவிக் கவிட்டு வைக்கவேணும்."

"அறுபதுகளிலை அந்த ஆக்கள் தங்களையும் உள்ளுக்கு விடச்சொல்லிக் கடை கடையாப் போனவை. உங்கட கடைக்கும் வந்தவையோ?"

"வராமல் விடுவாங்களோ! அப்பர் கதவை இழுத்துப் பூட்டிப்போட்டார். பால் புளிச்சு நாறுமட்டும் கடை திறக்கேல்லை. நட்டப்பட்டம், மானத்தை விக்கேல்லை."

"நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?"

"வாசல்லை பொல்லோடை நிண்டதே நான்தானே!" ஞானரட்ணம் வாய்விட்டுச் சிரித்தார்.

தேநீர்த் தட்டோடு வந்த வசந்தமலர் கதவடியிலேயே நின்றுவிட்டாள். "அப்பா..."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே பிள்ளை. பழங்கதைதானே கதைக்கிறம்." வந்தவர் பக்கம் சாய்ந்தார். "உங்கட அப்பரும் எங்கட கடைக்கு வந்திருப்பர்."

"ஒவ்வொரு நாளும் வந்தவர்" என்றார் இராஜேந்திரன். "குவாரியிலை கல்லுடைச்சவர். பின்வளவிலைதான் குடிச்சவர்."

தவநாயகி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஞானரட்ணத்தின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. எழுந்து வாசலைக் காட்டியிருப்பார். ஆனால் மகளின் முகம் கண்ணில் பட்டது. அழவில்லை, இதற்கு முன் ஒவ்வொரு முறையும் நின்றதுபோலவே நின்றாள், அவ்வளவுதான். பிறந்த நாள் முதல் யாருக்கும் வளையாத ஏதோ ஒன்று அவருக்குள் வலியோடு வளைந்தது.

"சரி" என்றார். "அது அந்தக் காலம். லண்டனுக்கு வந்தும் உதுகளைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலுமோ? நான் பாக்கேல்லை. எனக்குச் சம்மதம்."

வசந்தமலர் உள்ளே வந்து தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். தவநாயகி கணவனைப் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தன் பரம்பரையில் எவரும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்ட பெருமிதத்தோடு, ஞானரட்ணம் எதிரே இருந்தவரின் நன்றிக்காகக் காத்திருந்தார்.

இராஜேந்திரன் எழுந்தார். முதலில் வசந்தமலரிடம்தான் பேசினார். "உம்மிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

பிறகு அவளுடைய தகப்பன் பக்கம் திரும்பினார்.

"நாங்கள் குடும்பம் பாக்கிறனாங்கள், ஐயா."