புதுப் பாயும் மணல்தெள்ளும்

கடற்கரை மணலுக்குள்ள வடிவுன்னு ஒரு மணல்தெள்ளுப் பூச்சி, புருஷன் சுடலையோட குடியிருந்துச்சு. காலையில இருந்து கடிக்க ஒரு காலும் சிக்கல. பசின்னா அப்படியொரு பசி!

சாயங்காலம் டூர் வந்த குடும்பம் ஒண்ணு பெரிய பாயா விரிச்சுது. வடிவுக்கு அழுகையே வந்துருச்சு.

"போச்சுங்க! பாய் மேல ஏறிட்டா எப்படிக் கடிக்கிறது? இன்னிக்கும் பட்டினிதான்!"

"கத்தாதடி, என்ன பண்றாங்கன்னு பாரு."

பாய்ல கால் வைக்கப் போன தன் புருஷனை அந்தக் குடும்பத்து அம்மா பிடிச்சு இழுத்தாங்க. "ஏங்க, புதுப் பாய்! மணல் ஒட்டிக்கும்!"

செருப்பு, பை, முறுக்கு டப்பா எல்லாம் பாய் மேல சொகுசா உக்காந்துச்சு. குடும்பம் மணல்ல உக்காந்துச்சு. வடிவு ஆசை தீரக் கடிச்சுது!

கொஞ்ச நேரத்துல எல்லார் காலும் தடிச்சுப் போச்சு. சொறிஞ்சு சொறிஞ்சு அலுத்துப்போன அவரு, பையில இருந்து தேங்காண்ணெய எடுத்து முழங்கால் வரைக்கும் தேச்சாரு. அந்தம்மா அலறுனாங்க: "எண்ணெய்க் காலோட பாய்ப் பக்கம் வந்துராதீங்க!"

வடிவு பெருசா ஏப்பம் விட்டுச்சு. "தங்கமான மனுஷங்க. பாய் மேல ஒரு கடி விழ விடலையே!"