ஆடாத ட்ரைபாட்

“ஆடுது! இதுவும் ஆடுது! என்ன கடை வெச்சு நடத்துறீங்க?”

போட்டோகிராபர் தலைமேல் கிடந்த கறுப்புத் துணியை உதறித் தள்ளினார். பெட்டி போலிருந்த அவருடைய பெரிய ஃபிலிம் கேமரா, கடையின் நான்காவது ட்ரைபாட் மேல் உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“சார், இது கார்பன் ஃபைபர். ரெண்டே கிலோ. பதினஞ்சு கிலோ தாங்கும். உங்க கேமரா மொத்தமே ஆறு கிலோ. எப்படி சார் ஆடும்?”

“என்னைக் கேட்டா?”

ஒரு கையால் கேமராவைப் பிடித்தபடி மறுபடியும் துணிக்குள் புகுந்தார். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் எதிர்க்கடையின் பெயர்ப்பலகை தலைகீழாக விழுந்திருந்தது. அதன்மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

“ஒரு எழுத்தாவது நிலையா நிக்குதா? வந்து பாருங்கய்யா!”

அவர் விலகியதும் கடைக்காரர் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது சிரிப்பு போயிருந்தது.

“கல்லு மாதிரி நிக்குது சார்.”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

“நகருங்க, நான் பாக்கறேன்” என்று எழுந்து வந்தாள் போட்டோகிராபரின் மனைவி. துணிக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்தாள்.

“ஆடத்தான் செய்யுது. இவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். உங்களுக்கு விக்கத்தான் தெரியும். பாக்கத் தெரியாது.”

“அம்மா, நீங்களாவது நியாயமாப் பேசுங்க. காலையில கடை திறந்ததிலேர்ந்து நாலு ட்ரைபாட் இறக்கிட்டேன். கனமாக் காட்டினா தூக்க முடியாதுங்கறீங்க. லேசாக் காட்டினா ஆடுதுங்கறீங்க. யானை மாதிரி நிக்கணும், கொசு மாதிரி எடை இருக்கணும்னா நான் எங்க போறது?”

“அது தெரியாதவரு எதுக்கு வாசல்ல ‘நிபுணர்கள்’னு போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க?”

போட்டோகிராபர் மேஜையை ஓங்கித் தட்டினார்.

“திங்கட்கிழமை அறுநூறு படி ஏறி, புத்தகத்துக்காக ஒரு மலைக்கோட்டையைப் படம் எடுக்கணும்யா! பழைய மர ஸ்டாண்ட் பண்ணின சதியில மூணு மாசமா ஒரு படம் ஒழுங்கா வரல. எல்லாம் கலங்கல். இதுவும் கலங்கினா பதிப்பாளர் வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாரு. முப்பது வருஷமா சம்பாதிச்ச பேரு, அதோட காலி!”

“அதுக்காக ஆடாததை ஆடுதுன்னு ஒத்துக்கணுமா? எனக்கு இந்த வியாபாரமே வேண்டாம். வேற கடை பாருங்க!”

“பாக்கத்தான் போறோம்!” என்றாள் மனைவி. போட்டோகிராபர் திருகைத் தொடும் முன்பே கேமராவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். “வாங்கங்க. இவரு செல்ஃபி குச்சி விக்கத்தான் லாயக்கு. இவருகிட்ட என்ன பேச்சு?”

“டாக்ஸி பிடிக்கறேன். நீ வா” என்று அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

பெட்டியைத் தோளில் மாட்டியவளைக் கடைக்காரர் விடவில்லை.

“நில்லுங்கம்மா. அவரு கோவத்துல பேசறாரு, சரி. நீங்க? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. அது ஆடிச்சா?”

அவள் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். அவர் தெருவின் அந்தப் பக்கம், இரண்டு கைகளையும் வீசி எந்த டாக்ஸியையோ திட்டிக்கொண்டிருந்தார். அவள் திரும்பியபோது குரலில் அதுவரை இருந்த காரம் இல்லை.

“ஆடல. இதுக்கு முன்னாடி போன எட்டுக் கடையிலயும் ஆடல. பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க. வேலை போனா ஸ்டாண்டைத் திட்டுவாரு, உங்களைத் திட்டுவாரு. திட்டிட்டுப் போகட்டும். ஆடாத ஸ்டாண்ட் ஒண்ணு கெடச்சிட்டா, ஆடுறது தன் கைதான்னு அவருக்குத் தெரிஞ்சு போயிடுமேங்க!”