கிட்டாராம், கிட்டார்!

ராசிபுரம் கடைவீதியில் டூல்ஸ் கடை வைத்திருக்கும் வீரபாகுவுக்கு, எதிரே நின்ற பெண் வாயைத் திறந்ததிலிருந்து மனசே சரியில்லை.

ஆளைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. முப்பது வயதிருக்கும். சுடிதார், தோளில் பை, கழுத்தில் ஜவ்வரிசி ஆலையின் அடையாள அட்டை. அட்டையில் தேவிப்ரியா என்று போட்டிருந்தது. கேட்ட பொருள்தான் உதைத்தது.

"ஏனுங்கண்ணா, சின்ன ரூட்டர் மெஷின் இருக்குங்களா? வெலை கட்டுபடியாகோணும், கைக்கு அடக்கமாவும் இருக்கோணும்."

மரத்தைக் குடைந்து பள்ளம் எடுக்கிற மெஷின் அது. ஆசாரிகள் வாங்குவார்கள். ஆலைக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எதற்கு?

கேட்டே விட்டார்.

"கிட்டார் பண்றதுக்குங்க. லீவு நாள்ல சும்மா ஒரு பொழுதுபோக்கு."

கிட்டாராம், கிட்டார்! புளுகுவதில் ஒரு நியாயம் வேண்டாமா? வீட்டில் ஷெல்ஃப் அடிக்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வீரபாகு ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

காரணம் இருந்தது. சித்திரை பிறந்ததிலிருந்து சுற்றுவட்டாரத்தில் வரிசையாகத் திருட்டு. பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டைச் சுற்றிக் கதவையே ரூட்டரால் வட்டமாகக் குடைந்தெடுத்து, பூட்டை மரியாதையாக வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தார்கள். "சின்ன ரூட்டர் கேட்டு யாராவது வந்தா எனக்கு ஒரு போன் அடிங்க" என்று சப்-இன்ஸ்பெக்டர் சந்திரசேகர் கடைகடையாகச் சொல்லியிருந்தார். வீரபாகுவின் கடையில் மட்டும் உட்கார்ந்து டீ குடித்து, "உங்கள மாதிரி ஆளுங்கதான் எங்களுக்குக் கண்ணு" என்றும் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

"பேட்டரியில ஓடுறதா இருந்தா தேவலைங்க" என்றாள் தேவிப்ரியா. "பிளக் இல்லாத எடத்துல வேலை."

"செரி."

"சத்தம் கம்மியா இருக்குங்களா? பக்கத்து ஊட்டுக்காரங்களுக்குக் கேக்கக் கூடாது."

"செரி..."

"முப்பத்தெட்டு மில்லி ஆழம் போகுங்களா?"

வாசற்கதவு ஏறக்குறைய அந்தக் கனம்தான். வீரபாகு மெல்லத் தூண்டில் போட்டார். "என்ன மரம் அம்மணி?"

"பழைய தேக்குக் கதவுங்க."

கதவு! வாய்கூசாமல் சொல்கிறாளே!

வீரபாகு சட்டென்று கீழ்த்தட்டிலிருந்து ஒரு ராட்சத ரூட்டரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். "இத எடுத்துக்குங்க. ஆறு கிலோ. ஆன் பண்ணுனா தெருவே எந்திரிச்சு உக்காரும். வெலையும் கொறச்சே தாரேன்."

"இதுல கொடஞ்சா கிட்டாரு ரெண்டாப் பொளந்துரும்ணா. ஸ்பீடு கூட்டிக் கொறைக்கத் திருகு, மேலருந்து நேராக் கீழ எறக்குற பேஸு, கொடையறதுக்கு ஆறு மில்லி பிட்டு. எனக்கு இவ்வளவு போதும்."

தொழில் தெரிந்தவள்! இனிச் சந்தேகமே இல்லை.

"அந்த மாடல் ஸ்டாக் இல்லீங்க. அட்ரஸ் சொல்லுங்க, ஞாயித்துக்கெழம நானே ஊட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

அவள் போனதும் சப்-இன்ஸ்பெக்டரின் நம்பரை எடுத்துப் பார்த்தார். அழைக்கவில்லை. போலீஸ் என்றால் ஸ்டேஷன், சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டும். அதெல்லாம் அவருக்கு ஆகாது. நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாமகிரிப்பேட்டை ரோட்டில் வீட்டைக் கண்டுபிடித்தார். பக்கவாட்டில் தகர ஷெட். தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுவரில் நாலு கிட்டார் தொங்கியது. ஒன்று லாரி மஞ்சளில், நெற்றியில் திருஷ்டிப் பூதத்தோடு பல்லை இளித்தது.

"வாங்கண்ணா! இவரு என் ஊட்டுக்காரரு நிலவன். லாரி பாடி பெயின்டரு" என்றாள் தேவிப்ரியா. "மஞ்சள் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!"

"லாரிக்கு வாங்குனதுல மிச்சங்க" என்றான் நிலவன், பெருமையாக.

மேஜைமேல் பழைய கதவுப் பலகை ஒன்று கிட்டார் வடிவத்தில் அறுபட்டுக் கிடந்தது. "இடிச்ச ஊட்டுல வாங்குனதுங்க." அவர் கொண்டுவந்த ரூட்டரில் அவள் பேட்டரியை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் குடைந்தாள். மரத்தூள் பறந்தது. பள்ளம் வெண்ணெயில் எடுத்ததுபோல் விழுந்தது.

வீரபாகுவுக்கு உயிர் திரும்பி வந்தது. நிஜமாகவே கிட்டார்தான்! ஒரு நல்ல பெண்ணைப் போய்த் திருடி என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. வாங்க மறுத்தும் கேளாமல், கூடுதலாக ஒரு பிட்டை அவள் கையில் திணித்தார்.

"பக்கத்து ஊட்டுல சண்டைக்கு வரமாட்டாங்களா அம்மணி?"

"அவங்க குடும்பத்தோட பழனிக்குப் போயிருக்காங்க. புதன்கெழமதான் வருவாங்க. அதுக்குள்ள கொடஞ்சு முடிச்சரோணும்."

"பண்ணுங்க, பண்ணுங்க. நல்லா வருவீங்க சாமி" என்று வாயார வாழ்த்திவிட்டு வெளியே வந்தார்.

தன் ராத்திரித் தொழிலுக்குப் போட்டியாக ஊரில் இன்னொரு ஆள் முளைத்துவிடவில்லை என்ற நிம்மதியோடு, பக்கத்து வீட்டுத் தேக்குக் கதவைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார் வீரபாகு.