மூன்று நாள் லீவு

“அவதான்லா, ஐயா. வேற யாரு? நடுவுல ஒரு பலகதான் இருக்கு. அவ புருசன் கொட்டாவி விட்டாக்கூட எங்க வீட்டுக்குக் கேக்கும். நான் அழுதது அவளுக்குக் கேக்காதா?”

தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் கனகசுந்தரம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எதிரே, ஸ்டூலில் பஞ்சாலை. பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். முழங்கை வரை உலர்ந்த ரப்பர் பால் தோல் உரிவதுபோலச் சுருண்டிருந்தது.

இது ஆறாவது முறை. அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் நோயாளி அவள் ஒருத்திதான்.

முதல் முறை கையைக் காட்ட வந்தாள். பால் வெட்டும் கத்தியைப் பிடித்தால் நடுங்குகிறது, மரத்தில் காயம் விழுகிறது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசுகிறார் என்றாள். கையில் ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மனத்தின் நோய்களைப் பற்றி லண்டனிலிருந்து வரவழைத்த தடித்த புத்தகம் ஒன்றை இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதில் சொன்னபடி, மருந்து எதுவும் கொடுக்காமல் காத்திருந்தார்.

“இஞ்ச சொல்லுறது இந்தக் கதவைத் தாண்டாது” என்றார்.

அவள் சொன்னாள்.

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ராணுவ லாரி வந்த காலை. தார்ப்பாயின் மேல் இரண்டு உடல்கள். காட்டில் சுடப்பட்ட கம்யூனிஸ்டுகள். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வரிசையில் போய், குனிந்து முகம் பார்த்து, தெரியும் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

பஞ்சாலை குனிந்தாள். தெரியாது என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு தன் மர நிரைக்கு நடந்தாள்.

இரண்டாவது உடல் அவள் தம்பி சந்திரன்.

செனாவாங் பக்கம் வேறொரு தோட்டத்தில் வளர்ந்தவன். இங்கே அவள் கணவன் நல்லசாமியைத் தவிர அவனை யாருக்கும் தெரியாது. காட்டுக்குப் போனபின் அவனுக்கு ஒரு பிடி அரிசிகூட அவர்கள் அனுப்பியதில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

அன்று ஒரு மணி நேரம் அழுதாள். எழுந்து போகும்போது கை நடுங்கவில்லை. கனகசுந்தரம் நெடுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவரை ஆற்றங்கரையில் இறக்கிவிட்ட படகோட்டிபோல அவருக்கு லேசாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை போலீஸ் வந்து நல்லசாமியைக் கொண்டுபோனது. செத்தவன் உன் மச்சான்தானே, எவ்வளவு அரிசி அனுப்பினாய் என்று கேட்டுக்கொண்டே லாரியில் ஏற்றினார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இதுவரை தெரியவில்லை.

“நான் வாயத் தொறந்து சொன்னது உங்ககிட்ட மட்டும்தான், ஐயா. அப்புறம் வீட்டுல தம்பி பேரச் சொல்லி அழுதேன். அத பக்கத்து வீட்டு நீலாவதி கேட்டுட்டா.”

அவள் குரல் தாழ்ந்தது.

“நேத்து நிரைக்குக் காட்டுலேருந்து ஒருத்தன் வந்தான். காட்டிக் குடுத்தது யாருன்னு அவங்களுக்குத் தெரியணுமாம். பேரு மட்டும் போதுமாம். நாளைக்கு மறுபடி வர்றான்.”

கனகசுந்தரம் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

போன மாதம் கோலா சாவா பக்கம் இப்படித்தான் ஒரு கங்காணியின் பெயரை யாரோ சொன்னார்கள். விடிந்தபோது அவர் ரப்பர் மரத்தோடு சேர்த்துப் பிணமாகக் கட்டப்பட்டிருந்தார். பஞ்சாலைக்கும் அது தெரியும்.

நீலாவதியும் அவருடைய நோயாளிதான். இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் போன வாரம் பிள்ளைக்குப் பூச்சி மருந்து கேட்டாள்.

எச்சரிக்கலாம். எதைச் சொல்லி எச்சரிப்பது? போலீசுக்குப் போனால் பஞ்சாலையையும் பிடிப்பார்கள்.

இன்னொரு வழி இருந்தது. அது மிகச் சுலபமானது.

அந்த முதல் நாள், அவளுக்கு மூன்று நாள் லீவு வாங்கிக் கொடுத்தார். இரண்டு நாளுக்கு மேல் என்றால் நோயாளிப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். பதிவேடு சாயங்காலம், போலீஸ் அதிகாரிகள் வந்துபோகும் துரையின் பங்களாவுக்குக் கையெழுத்துக்குப் போகும்.

காய்ச்சல் என்று எழுதியிருக்கலாம். எல்லோருக்கும் அதைத்தான் எழுதுவார்.

அவளுக்கு மட்டும், ஒரு பெரிய டாக்டர் எழுதுவதுபோல, நல்ல ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார். சுடப்பட்ட தம்பியின் உடலைப் பார்த்தும் தெரியாது என்று சொல்ல நேர்ந்ததால் உண்டான அதிர்ச்சி.

துரை அதன் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ‘நல்ல குறிப்பு’ என்று எழுதியனுப்பினார். அந்தப் பக்கத்தை கனகசுந்தரம் மனைவியிடம்கூடக் காட்டினார்.

பஞ்சாலை ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு மூத்தவன் பொறந்தப்ப துணி தொவச்சிப் போட்டவ அவ. எனக்கும் மனசு வரல, ஐயா. நீங்க படிச்சவரு, நாலும் தெரிஞ்சவரு. அவ இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பிடுறேன்.”