பாதிப் பாலம்

நிருபன் தனியாளாக உருவாக்கிவந்த வீடியோ கேமை, மீதியைப் பிறகு தருவதாகச் சொல்லிப் பாதியிலேயே முன்பதிவில் விற்றிருந்தான். அதில் ஆற்றுப் பாலம் நடுவோடு நின்றுபோயிருந்தது. முன்பதிவு செய்தவர்களில் ஒருவரான சேவியர், மூன்றாம் வருடம் இரும்புக் கம்பியோடு அவன் அறைக்குள் நுழைந்தார்.

“‘பாலம் விரைவில்’னு எத்தனை தடவைடா போடுவ? ஆஸ்பத்திரியில என் தம்பி சாகுற வரைக்கும் உன் கேம்ல அந்தப் பாலத்து முனையிலயே நின்னுட்டிருந்தான்டா!”

முதல் அடியில் நிருபனின் வலதுகை விரல்கள் முறிந்தன. கணினியை நோக்கிக் கம்பி உயர்ந்ததும் அவன் கணினியின்மேல் குப்புற விழுந்தான். அடுத்த இரண்டு அடிகளும் முதுகில் இறங்கின.

“என்னை வேணா கொன்னுடுங்க. மீதிப் பாலம் இதுலதான் இருக்கு. இன்னும் கொஞ்சந்தான்.”

சேவியர் மூச்சிரைக்கத் திரையைப் பார்த்தார்; பாலம் மறுகரையை நெருங்கியிருந்தது. கம்பியைப் போட்டுவிட்டு, ரத்தம் வழிந்த நிருபனின் கையைத் தன் கைக்குட்டையால் கட்டினார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“எதை அழுத்தணும், சொல்லு.”